மாடியில் நிற்கும் மூன்று கப்பல்கள்

பாப்பா,

இதை மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலை வெயில் இன்னும் தண்ணீர் டேங்குக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. என் நாற்காலிக்கு அது வந்து சேர இன்னும் ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகும். ஜங்ஷன் பக்கமிருந்து ஏதோ ஒரு கூட்ஸ் வண்டி அவசரமே இல்லாமல் நகரும் சத்தம் கேட்கிறது. கீழே உன் அம்மா தோசைக்கல்லைப் போட்டுவிட்டாள். பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு நான் படியேறியதைப் பார்த்து, "என்னாத்துக்கு இப்ப கடுதாசி? போன்ல சொன்னா ஆவாதா? என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடிகூட நீங்க ஒரு வரி எழுதுனதில்ல" என்றாள். போனில் சொன்னால் ஆகாது. போனில்தான் நான் உன்னிடம் பொய் சொன்னேன்.

முந்தாநாள் நீ பெங்களூரில் உன் புது வீட்டு பால்கனியைப் படமெடுத்து அனுப்பினாய். துணி காயப்போடும் ஸ்டாண்டு, செருப்பு வைக்கிற அலமாரி, அதற்குப் பக்கத்தில் வெயில் விழுகிற ஒரு காலி இடம். பிறகு நீயே போன் பண்ணி, "ரெண்டு காயாவது வெக்கலாம்னு இருக்கேம்ப்பா. எப்படி ஆரம்பிக்கிறதுன்னு சொல்லு" என்றாய். பேசிக்கொண்டே நான் எழுந்து நின்றுவிட்டேன். அம்மா என்னைப் பார்த்து யாருக்கு என்ன ஆச்சோ என்று பயந்துவிட்டாள். அப்புறம் எதில் வைப்பது என்று பேச்சு வந்தது. நீ குரலை இறக்கி, "நம்ம மாடியில கப்பலுங்க இருந்துச்சே... அதெல்லாம் இருக்குதாப்பா?" என்று கேட்டாய். நான் யோசிக்கவே இல்லை. "அதெல்லாம் எப்பவோ தூக்கிப் போட்டாச்சும்மா" என்றேன். "ஓ... சரிப்பா" என்றாய். அத்தோடு பேச்சு மாப்பிள்ளையின் ஆபீசுக்குப் போய்விட்டது.

உனக்குத் தெரியும், நான் பீங்கான் கம்பெனியில் கடைசி வரைக்கும் பார்த்தது தட்டிப் பார்க்கிற வேலை. சூளையிலிருந்து டிராலி வெளியே வந்து சூடு ஆறியதும், ஒவ்வொரு பீங்கானாக விரல் முட்டியால் தட்டுவேன். கணீர் என்றால் நல்லது. டொக்கென்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் எங்கேயோ உள்ளே ஓடியிருக்கிறது என்று அர்த்தம். கண்ணை மூடிக்கொண்டுகூடச் சொல்லிவிடுவேன், தப்பாது. ஆனால் உன்னுடைய அந்த "சரிப்பா"வை இரண்டு நாளாக மனசுக்குள் தட்டித் தட்டிப் பார்க்கிறேன், நிம்மதியில் சொன்னாயா, வருத்தத்தில் சொன்னாயா என்று தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலி இடத்தில் எத்தனை மணிக்கு வெயில் வருகிறது, எத்தனை மணிக்குப் போகிறது என்று நான்கைந்து நாள் சும்மா பார். வேறொன்றும் செய்யாதே. அரை நாள் வெயில் விழுந்தால் கத்தரியும் மிளகாயும் வைக்கலாம், அதற்கும் குறைவென்றால் கீரையோடு நிறுத்திக்கொள். ஆசைப்பட்டு ஒரே நாளில் பத்து விதை பாக்கெட் வாங்காதே. செம்மண்ணும் மணலும் மக்கின சாணி எருவும் கலந்து, கையில் பிடித்தால் உருண்டையாகி, விரலால் தொட்டால் உதிர வேண்டும். மண் அப்படி அமைந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மேல் மண் காய்ந்திருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்று. பாசத்தில் ஊற்றிக் கொன்றவர்கள்தான் அதிகம், நான் உட்பட.

மண் விஷயத்தில் நான் செய்த கூத்தை உன் அம்மாவைக் கேட்டால் இன்றைக்கும் விழுந்து விழுந்து சிரிப்பாள். முதல் வருஷம், கம்பெனியில் அச்சில் ஊற்றுகிற களிமண் கூழ் மிச்சமாகி ஓரத்தில் கிடந்தது. வெள்ளை வெளேரென்று, தொட்டால் வெண்ணெய். நாள் முழுக்க அந்த மண்ணிலேயே கிடக்கிறவன் நான். மண்ணென்றால் எனக்குத் தெரியாதா என்று ஒரு திமிர். இரண்டு வாளி கொண்டுவந்து ஒரு கப்பலில் நிரப்பி வெண்டை விதையை ஊன்றினேன். தண்ணீர் ஊற்றினால் பசையானது, வெயில் பட்டதும் கல்லானது. முளைத்த நான்கு செடியும் கழுத்தைப் பிடித்த மாதிரி நின்றன. "நீங்க வெண்டைக்கா போடலீங்க, இன்னொரு பேசினு செஞ்சு வெச்சிருக்கீங்க" என்றாள் அம்மா. உளியை வைத்துத்தான் பெயர்த்தெடுத்தேன். ஒரு மண்ணைத் தெரியும் என்பதால் எல்லா மண்ணையும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். பிள்ளை வளர்ப்பதிலும் அதே திமிரோடுதான் இருந்தேன் என்பது ரொம்பப் பின்னால்தான் புரிந்தது.

கப்பல் என்கிற பெயர் நீ வைத்தது, ஞாபகம் இருக்கிறதா? கம்பெனியில் செய்தவை பெரும்பாலும் கக்கூஸ் பேசின்கள். தட்டும்போது டொக்கென்று சொல்பவற்றை அன்றைக்கே சுத்தியலால் உடைத்துவிடுவார்கள். மயிரிழை விரிசல்தான் இருக்கும். மற்றபடி பளபளவென்று, யார் காலும் படாமல், சூளையிலிருந்து நேராகச் சுத்தியலுக்குப் போகும். எனக்கு மனசு கேட்காமல் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு ஒவ்வொன்றாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தொட்டி வாங்க வசதியில்லை என்பதும் உண்டு. தண்ணீர் வடிய அடியில் ஓட்டை பிறவியிலேயே இருக்கிறது, ஓட்டுச் சில்லு ஒன்றை அதன் மேல் கவிழ்த்தால் போதும். இப்படி மாடியில் பதினொன்று சேர்ந்தன. எல்.கே.ஜி. படித்துக்கொண்டிருந்த நீ முதல் தடவை மாடிக்கு வந்து, நீளமாக, வெள்ளையாக, இலையும் பூவுமாக வரிசையில் நின்றவற்றைப் பார்த்து, "எவ்ளோ கப்பலுப்பா!" என்றாய். எனக்கு அன்றுவரை அப்படித் தோன்றியதே இல்லை. அப்புறம் வேறு மாதிரி தோன்றியதும் இல்லை.

காலையில் ஸ்கூல் வேன் வருவதற்கு முன்னால் ஒரு சொம்போடு வந்துவிடுவாய். ஒவ்வொரு கப்பலும் எங்கே போகிறது என்று சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவாய். உனக்குத் தெரிந்த ஊர்களுக்குத்தான் அவை போகும். மிளகாய்க் கப்பல் கடலூருக்கு, கீரைக் கப்பல் நல்லூருக்கு, வெண்டைக்காய்க் கப்பல் பெண்ணாடத்துக்கு. வரும்போது கரும்பு ஏற்றிக்கொண்டு வரும். கத்தரிக் கப்பல் மட்டும் எங்கேயும் போகாது. "அது நம்ம வூட்டுக் கப்பலு, இங்கியே இருக்கும்" என்பாய். ஒரு ஐப்பசி மாதம் சாயங்காலம் நல்ல மழை. நீ கேட்டாய் என்பதற்காக மாடியில் தண்ணீர் வடிகிற குழாயில் துணியை அடைத்துவிட்டேன். மழை ஓய்ந்தபோது கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. மேகம் விலகி மஞ்சளாக ஒரு வெளிச்சம் அடித்தது. பதினொரு கப்பலும் அந்தத் தண்ணீரில் நிஜமாகவே நின்றன. நீ நடுவில் நின்றுகொண்டு மூச்சுகூட விடாமல் பார்த்தாய். நானும் பார்த்தேன். கத்தரிப் பூ ஒன்று உதிர்ந்து மெதுவாக மிதந்து உன் காலுக்கு வந்தது. கீழேயிருந்து அம்மா, "ஹால்லாம் ஒழுவுது! அப்பனும் மவளும் என்னா பண்றீங்க மேல?" என்று கத்தும்வரை நாம் இரண்டு பேரும் எந்த ஊரில் இருந்தோம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. என் வாழ்க்கையில் நான் ரொம்ப சந்தோஷமாக இருந்த நாள் எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன். யாரும் கேட்டதில்லை.

இனி எழுத வேண்டியதை எழுத மனசு தயங்குகிறது. வெயில் என் கால் கட்டைவிரலுக்கு வந்துவிட்டது.

நீ எட்டாவது படிக்கும்போது உன்னோடு படித்த ஒரு பெண் நோட்டு வாங்க வீட்டுக்கு வந்தாள். நீ ஆசையாக அவளை மாடிக்குக் கூட்டிப்போனாய். அவள் கப்பலைப் பார்க்கவில்லை. இருப்பது என்னவோ அதைப் பார்த்தாள். மறுநாள் மத்தியானம் நீ டிபன் பாக்ஸைத் திறந்ததும் பக்கத்தில் இருந்த பிள்ளைகள் நகர்ந்து உட்கார்ந்தார்களாம். கத்தரிக்காய்ப் பொரியல் அப்படியே திரும்பி வந்தது. அம்மாவிடம் நீ அழுதுகொண்டே சொன்னதை நான் சட்டை மாட்டிக்கொண்டே கேட்டேன். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் கோபம் என்றுகூடத் தெரியவில்லை. நான் செய்கிற பொருளை அசிங்கம் என்கிறார்களே என்பதுதான் பெரிதாகப் பட்டது. நீ அழுதது இரண்டாவதாகத்தான் பட்டது. அந்த வரிசையில்தான் நான் தப்பு செய்தேன், பாப்பா.

அந்த வாரம் உங்கள் ஸ்கூலில் சயின்ஸ் கண்காட்சி. நீ ஏதோ தண்ணீர் வடிகட்டுகிற மாடல் செய்துகொண்டு போயிருந்தாய். நான் அரை நாள் பெர்மிஷன் போட்டேன். நம் வீட்டுக் கப்பலை, ஆறு காயும் நான்கு பூவுமாக இருந்ததை, சோப்பு போட்டுத் தேய்த்து, துணியால் துடைத்து, டி.வி.எஸ். வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்து, ஹால் நடுவில் உன் மேஜைக்குப் பக்கத்தில் இறக்கினேன். "டீச்சர், இது யார் காலும் படாத பீங்கானு. நீங்க டீ குடிக்கிற கப்பும் இதுவும் ஒரே தீயில வெந்ததுதாங்க. பாருங்க, தட்டிப் பாருங்க" என்று சத்தமாகச் சொன்னேன். எல்லாம் உண்மை. ஒரு வார்த்தையும் பொய்யில்லை. டீச்சர் நல்ல மனுஷி, தலையாட்டினார். ஒரு மூலையில் ஒருத்தன் சிரித்தான். அப்புறம் ஹால் முழுக்கச் சிரித்தது. ஒரு பையன் அதன் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்து காட்டினான். நான் உன்னைப் பார்த்தேன். நீ உன் மாடலில் ஊற்றிய தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றாய், தலையைத் தூக்கவே இல்லை.

அன்றிலிருந்து பத்தாவது முடிக்கும்வரை ஸ்கூலில் உனக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். நீ சொல்லவில்லை, ஆனால் தெரியும். அதை இங்கே எழுதமாட்டேன். வீட்டுக்கு வந்ததும் நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "நீ ஏம்ப்பா வந்த? நான் கூப்புடலையே." அதற்குத் தலையைக் குனிந்திருக்க வேண்டியவன், "இந்தப் பீங்கானு போட்ட சோத்தத்தாண்டி நீ திங்கிற" என்றேன். சொன்ன மறுகணமே அந்த வார்த்தையை வாயில் திரும்பப் போட்டுக்கொள்ள முடியாதா என்று இருந்தது. அதற்கப்புறம் நீ மாடிப்படி ஏறவில்லை. உன் யூனிபாரத்தை ஜன்னல் கம்பியில்தான் காயப்போட்டாய். காலேஜ், வேலை, அத்தனை வருஷத்திலும் மாடிக்குப் போகும் கதவை நீ திறந்து நான் பார்த்ததில்லை. நானும் கூப்பிடவில்லை. ஆறிவிடும் என்று இருந்தேன். சூடு தானாக ஆறும், விரிசல் ஆறாது. வேலையில் தினமும் பார்த்தவன் வீட்டில் மறந்துவிட்டேன்.

மாப்பிள்ளை வீட்டார் உன்னைப் பார்க்க வருகிறார்கள் என்று முடிவானபோது நீ என்னிடம் வந்து, "அப்பா, அன்னிக்கி மேல இருக்கறத மட்டும் கொஞ்சம் மறைச்சுடு" என்றாய். சுடச்சுடச் சொல்லவில்லை, கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னாய். ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் பேச்சு. சனிக்கிழமை சாயங்காலமே நீலத் தார்ப்பாயைப் போட்டு, நான்கு பக்கமும் செங்கல் வைத்துவிட்டேன். அவர்கள் ஞாயிறு வரவில்லை, புதன்கிழமை வந்தார்கள். எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று நான் தார்ப்பாயைத் தூக்கவே இல்லை. சித்திரை வெயில், உனக்குத் தெரியாததல்ல. புதன்கிழமை வந்தவர்கள் கேசரி சாப்பிட்டார்கள், உன்னைப் பிடித்துப்போனது, மாடிப்படி இருக்கும் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்கள் போன பிறகு மேலே போய்த் தார்ப்பாயை எடுத்தேன். எல்லாம் வெந்து போயிருந்தன. கத்தரி, அவரை, அப்போதுதான் பூ வைத்த புடலை எல்லாமே. கீழே நீ எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரித்துக்கொண்டிருந்தாய். "செடியெல்லாம் நல்லாருக்குதாப்பா?" என்று நீயே கேட்டாய். "அதுக்கென்னா, ஜோரா இருக்குது" என்றேன். முதல் பொய் அதுதான். நேற்றல்ல, அதற்கு முந்தின நாள் சொன்னது இரண்டாவது.

உன்மேல் துளிகூட வருத்தமில்லை. அதை நம்பு. நீ மறைக்கச் சொன்னது செடியையல்ல, அந்தக் கண்காட்சி ஹாலை. வருத்தமெல்லாம் என்மேல்தான். கல்யாணம் முடிந்து நீ கிளம்பிய அடுத்த வாரம் சுத்தியலை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். இனிமேல் என் பெண் வரும்போது மாடியில் அவள் முகம் சுளிக்க ஒன்றுமே இருக்கக்கூடாது என்று நினைத்தேன். கம்பெனியில் எத்தனையோ உடைத்த கைதான். எட்டு உடைத்தேன். ஒன்பதாவது நம் வீட்டுக் கப்பல். சுத்தியலை ஓங்குவதற்கு முன்னால் பழக்கதோஷத்தில் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டிவிட்டேன். டொக்கென்றது. அத்தனை வருஷம் மண்ணைச் சுமந்து, டி.வி.எஸ். வண்டியில் ஏறி இறங்கி, சித்திரை வெயிலில் வெந்தும், அந்த மயிரிழை விரிசல் முதல் நாள் இருந்த இடத்தைவிட்டு ஒரு நூல்கூட நகரவில்லை. விரிசலோடேயே அது முழுசாக இருந்தது. நான் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். அம்மா ஓடிவந்தாள், சுத்தியலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இன்றைக்கும் அதை எங்கே வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

ஆகவே, இருக்கிறது பாப்பா. மூன்று இருக்கிறது. இதை எழுதும்போது என் எதிரில்தான் நிற்கின்றன. ஒன்றில் சிறுகீரை. ஒன்றில் மிளகாய், போன வாரம் மாவுப்பூச்சி வந்து வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீரும் அடித்திருக்கிறேன். நம் வீட்டுக் கப்பலில் கத்தரி. அதை நான் வைக்கவில்லை. காலியாகக் கிடந்த மண்ணில் ஒரு மழைக்குப் பிறகு தானாக முளைத்தது. முன்பு எப்போதோ பழுத்து விழுந்த காயின் விதையாக இருக்கும். இப்போது இடுப்பளவு நிற்கிறது, ஊதாப் பூ இரண்டு. நீ வருகிறபோதெல்லாம் மாடிக் கதவைப் பூட்டி, சாவியை அலமாரியில் வைத்துவிட்டு, ஒன்றுமில்லாத மாதிரி உன்னோடு டி.வி. பார்த்துக்கொண்டிருந்தேன். நீ சாப்பிட்டு, நல்லா இருக்குப்பா என்று சொன்ன எண்ணெய்க் கத்தரிக்காய் சந்தையில் வாங்கியதல்ல. அதுவும் ஒரு பொய்தான், மொத்தம் மூன்றாகிவிட்டது.

உனக்குத் தொட்டி எத்தனையோ விதமாகக் கிடைக்கும். பிளாஸ்டிக்கில், துணிப்பையில், பூப்போட்ட பீங்கானில்கூட. எது வாங்கினாலும் செடி நன்றாகத்தான் வரும். செடிக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. நாற்றை நான்கைந்து இலை வந்ததும் சாயங்காலம் பார்த்து மாற்றி நடு. நுனி வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது, கிள்ளி எறிந்துவிடு, பாவம் பார்க்காதே. முதல் காய் சின்னதாக, கோணலாக வரும். அதையும் சமைத்துச் சாப்பிடு. மாப்பிள்ளை கிண்டல் செய்வார், செய்யட்டும்.

அந்தக் கப்பல் வேண்டுமென்று நீ கேட்டாயா, இல்லை அது தொலைந்ததா என்று கேட்டாயா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டில் எதுவானாலும் சரி. வேண்டுமென்றால், 'எடுத்துட்டு வா' என்று ஒரு வார்த்தை சொல். வேண்டாமென்றால், 'தொட்டி வாங்கிட்டேன்' என்று சொல்லிவிடு, காரணம் கேட்கமாட்டேன். எனக்கு அவசரமாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை. நேற்றே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் பெங்களூர் வண்டியில் இதை ஏற்றிக்கொள்வார்களா என்று விசாரித்துவிட்டேன். சாக்கும் வைக்கோலும் சணல் கயிறும் வாங்கிவந்து படிக்கட்டுக்குக் கீழே வைத்திருக்கிறேன். "நாளைக்கே தூக்கிட்டுக் கெளம்பிடுவீங்களே" என்று அம்மா முறைத்தாள். இல்லையென்று சொன்னேன். சாக்கு மடித்தது மடித்தபடிதான் இருக்கிறது, மாடிக் கதவு மட்டும் இன்றைக்கு முழுக்கத் திறந்திருக்கிறது.

இந்தத் தடவை நீ கூப்பிடாமல் வரமாட்டேன்.

அப்பா